கரையோரப் பிள்ளைகளுக்கு ஊடகப் படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு மே மாதமும் பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே எங்கள் வீட்டு வாசலில் யாராவது வந்து நிற்பார்கள். தொண்டி, மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்று கரை நெடுக இருந்து போனும் வரும். நான் ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்துக்காரி. மதுரையில் ஊடகம் படித்தேன். சென்னையில் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் சில வருடங்கள் வேலை பார்த்தேன். இப்போது ஊரிலிருந்தே எழுத்து வேலையும் ஆவணப்பட வேலையும் செய்கிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

அக்கா, விஸ்காம், ஜர்னலிசம், மாஸ் காம், எலக்ட்ரானிக் மீடியா எல்லாம் ஒன்றுதானா?

ஒரே குடும்பம்தான், ஆனால் தனித்தனி வீடு. விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியலில் வரைதல், புகைப்படம், ஒளிப்பதிவு, எடிட்டிங், வடிவமைப்பு, விளம்பரம் ஆகியவை முன்னால் நிற்கும். இதழியலில் செய்தி சேகரிப்பு, எழுத்து, பிழை திருத்தம், ஊடகச் சட்டம். மாஸ் காம் இரண்டையும் தொட்டு, மக்கள் தொடர்பு, ஆய்வு பக்கமும் போகும். எலக்ட்ரானிக் மீடியா என்றால் வானொலி, தொலைக்காட்சி, இணையம்.

தென் மாவட்டக் கல்லூரிகளில் இளநிலையில் அதிகம் கிடைப்பது விஸ்காம். இதழியலை முதுநிலையில் எடுத்துக்கொள்ளலாம். பெயரை மட்டும் பார்த்துச் சேராதீர்கள். ஆறு செமஸ்டருக்கும் என்னென்ன தாள் என்று பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். செய்முறைத் தாள் எத்தனை, ஸ்டுடியோ இருக்கிறதா, கேமராவைப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறார்களா, அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று இரண்டாம் வருடம் படிக்கிற யாரிடமாவது கேளுங்கள்.

பிளஸ் டூவில் எந்த குரூப் படித்திருக்க வேண்டும்?

பெரும்பாலான கல்லூரிகளில் எந்த குரூப்பாக இருந்தாலும் சேரலாம். சில இடங்களில் சின்னதாக ஒரு நுழைவுத் தேர்வும் நேர்காணலும் இருக்கும். படம் வரையச் சொல்வார்கள், ஒரு புகைப்படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள், கடைசியாகப் படித்த செய்தி எது என்று கேட்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

கடற்கரை ஊர்ப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சரிப்பட்டு வருமா? பட்டணத்துப் பிள்ளைகள் படிக்கிற படிப்பு இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்கு உண்மையில் வருத்தமாக இருக்கும். அப்துல் கலாம் சிறுவனாக இருந்தபோது முதன்முதலில் சம்பாதித்த காசு பத்திரிகையில்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனது. ஓடுகிற ரயிலிலிருந்து வீசிய பத்திரிகைக் கட்டுகளைப் பிடித்துச் சேகரிப்பதற்கு அவருக்குக் கூலி கிடைத்தது. 1925இல் தொடங்கிய இலங்கை வானொலி, அக்கரையிலிருந்து நம் வீட்டுத் திண்ணை வரை தெளிவாகக் கேட்டது. அதைக் கேட்டுத் தமிழ் உச்சரிப்புப் பழகிய பெரியவர்கள் இன்றும் இந்தத் தீவில் இருக்கிறார்கள். ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத்துக்குத் தூர்தர்ஷன் கோபுரம் நிற்கிறது. ஒலியும் செய்தியும் நமக்குப் புதிது இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் கரையைப் பற்றி எழுதுகிறவர்களில் அதிகம் பேர் வெளியிலிருந்து வருகிறவர்கள். பாடுபட்டு எழுதுகிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் என்ன வித்தியாசம், இரண்டு தரப்புக்கும் ஏன் தகராறு வருகிறது, பாசி எடுக்கப் போகிற பெண்கள் எந்த நேரத்தில் கடலில் இறங்குகிறார்கள், ஏலக்கூடத்தில் விலையை யார் முடிவு செய்கிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்குப் பாடம் எடுக்காமலே தெரியும். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நான்கு காற்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த ஒரு பிள்ளை செய்தி அறையில் உட்கார்ந்திருந்தால் அந்த அறைக்கே நல்லது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நடந்தது இது. என் சித்தப்பா போன படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது. மறுநாள் நான் வேலை பார்த்த பத்திரிகையிலேயே ‘எல்லை தாண்டிய மீனவர்கள் கைது’ என்று தலைப்பு. எல்லை தாண்டினார்கள் என்பது பிடித்தவர்கள் சொன்னது. அதை நாங்கள் எங்கள் வாயால் உறுதியாகச் சொல்லிவிட்டோம். ‘எல்லை தாண்டியதாகக் கூறி’ என்று எழுதியிருந்தால் போதும். அப்பா அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருந்து, நான் ஊருக்கு வந்தபோது காட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் கைதுச் செய்தி எது என் மேசைக்கு வந்தாலும், யார் சொன்னது என்று பார்க்காமல் நான் தலைப்பு வைத்ததில்லை.

மூன்று வருடம் அப்படி என்னதான் சொல்லிக்கொடுப்பார்கள்?

கேமரா, மென்பொருள் எல்லாம் உண்டு. ஆனால் முதல் வருடத்தில் வருகிற தொடர்பியல் கோட்பாடு என்ற தாளைப் பிள்ளைகள் அலட்சியமாகத் தள்ளிவிடுகிறார்கள். நான் அதைத்தான் ஆசையாகச் சொல்லிக்கொடுப்பேன், நம் ஊர் உதாரணத்தோடு.

1948இல் ஹெரால்டு லாஸ்வெல் என்ற அமெரிக்க அறிஞர் ஐந்து கேள்விகளைக் கேட்டார்: யார் சொல்கிறார், என்ன சொல்கிறார், எந்த வழியாக, யாருக்கு, என்ன விளைவோடு? இதைப் பாம்பன் துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டுக்குப் பொருத்திப் பாருங்கள். சொல்வது வானிலை ஆய்வு மையம். சொல்வது ஒரு எண், ஒன்றிலிருந்து பதினொன்றுக்குள். வழி, கம்பத்தில் ஏறும் கூண்டு. யாருக்கு என்று கேட்கும்போதுதான் சிக்கல். கரையில் நிற்கிறவர் பார்ப்பார். முந்தாநாளே ஆழ்கடலுக்குப் போனவர் எப்படிப் பார்ப்பார்? 2017இல் ஒக்கிப் புயலின்போது நடந்தது இதுதான். எச்சரிக்கை வந்தபோது தென்கோடியிலிருந்து போன படகுகளில் பல ஏற்கெனவே கடலில் வெகுதூரத்தில் இருந்தன. கரையோடு பேசும் கருவியின் வீச்சுக்கு அவை அப்பால் போயிருந்தன.

அதற்கப்புறம் 2019இல் செயற்கைக்கோள் வழியாகப் படகுக்கு எச்சரிக்கை அனுப்பும் ‘ஜெமினி’ கருவி வந்தது. அதிலும் செய்தியைப் பெற முடிந்ததே தவிர, படகிலிருந்து திருப்பிச் சொல்ல வழி இல்லை. பாடப்புத்தகத்தில் ‘பின்னூட்டம்’ என்று ஒரு சொல் வரும். பரீட்சைக்கு இரண்டு மதிப்பெண் கேள்வி அது. கடலில் இருக்கிறவனுக்கு அது உயிர்.

கோட்பாடு போக, ஒலிப்பதிவு, ஒளியமைப்பு, திரைக்கதை, அச்சு வடிவமைப்பு, விளம்பரம், ஊடகச் சட்டம், அறம், ஆய்வு முறை என்று போகும். கடைசி செமஸ்டரில் குறும்படமோ ஆவணப்படமோ ஒரு புராஜெக்ட். இடையில் ஏதாவது ஒரு ஊடக நிறுவனத்தில் பயிற்சிக்குப் போக வேண்டும். அந்தப் பயிற்சியைச் சும்மா சான்றிதழுக்காக முடிக்காதீர்கள். பலருக்கு முதல் வேலை அங்கே பழகிய ஆட்கள் வழியாகவே வருகிறது.

எங்கே படிக்கலாம்?

ராமநாதபுரம் மாவட்டக் கலைக் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அரசுக் கல்லூரிகளுக்குத் தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே இணைய விண்ணப்பம். எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் என்ற பட்டியல் அதிலேயே இருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

கொஞ்சம் வெளியே போகலாம் என்றால் மதுரை அமெரிக்கன் கல்லூரி, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி இரண்டிலும் விஸ்காம் உண்டு. சென்னையில் லயோலா இந்தப் படிப்புக்குப் பெயர் பெற்ற இடம். பெண் பிள்ளைகளுக்கு எம்.ஓ.பி. வைணவ மகளிர் கல்லூரி இருக்கிறது, அங்கே சொந்தமாக சமுதாய வானொலியும் நடத்துகிறார்கள்.

சினிமாதான் ஆசை என்றால் தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தை மறந்துவிடாதீர்கள். ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, இயக்கம், படத்தொகுப்பு, அனிமேஷன் என்று தனித்தனியாக நான்கு வருடப் பட்டப்படிப்பு. அரசு நிறுவனம் என்பதால் தனியார் இடங்களோடு பார்க்கும்போது கட்டணம் மிகக் குறைவு. இடங்களும் குறைவு, ஆகவே அறிவிப்பு வந்த உடனே விண்ணப்பிக்க வேண்டும்.

முதுநிலைக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகம், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இரண்டுக்கும் கியூட் என்கிற பொது நுழைவுத் தேர்வை முதுநிலைக்கு எழுத வேண்டும். ஆங்கிலத்தில் தேறிய பிள்ளைகளுக்கு சென்னையில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் இருக்கிறது. கட்டணம் அதிகம்தான், உதவித்தொகை பற்றிக் கேட்டுப் பாருங்கள். 1965இல் டெல்லியில் தொடங்கிய ஐஐஎம்சி என்கிற மத்திய அரசின் ஊடகக் கல்வி நிறுவனத்துக்கு நமக்குப் பக்கத்தில் கோட்டயத்திலும் வளாகம் உண்டு. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைத்தால் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் முதுகலை இருக்கிறது.

செலவு எவ்வளவு ஆகும்? அட்மிஷன் நேரத்தில் வீட்டில் காசே இருக்காதே.

ஆமாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கிடக்கும். கல்லூரிக் கட்டணம் கட்டச் சொல்வதும் அதே நாட்களில். எனக்கு அம்மா சங்கிலியை அடகு வைத்துத்தான் கட்டினார்கள். அதனால் சொல்கிறேன், பிளஸ் ஒன்னிலேயே வீட்டில் பேசி வையுங்கள். கடைசி வாரத்தில் வட்டிக்கு வாங்கினால் அந்தக் கடன் படகுக் கடனை விட மோசமாக இழுக்கும்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண் பிள்ளைகளுக்கு ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். ஆண் பிள்ளைகளுக்கு 2024 ஆகஸ்ட் முதல் ‘தமிழ்ப் புதல்வன்’. விடுதிச் சாப்பாட்டுக்கு அது பெரிய உதவி. கல்விக் கடனுக்கு ‘வித்யா லட்சுமி’ இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.

கேமரா வாங்க வேண்டாம். முதல் வருடத்தில் கேமரா வாங்கி, மூன்றாம் வருடத்தில் விற்ற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கையில் இருக்கிற போனே போதும். காசு மிச்சம் இருந்தால் நல்ல மைக் ஒன்று வாங்குங்கள். கடற்கரையில் காற்று எல்லா ஒலியையும் தின்றுவிடும். படம் சுமாராக இருந்தால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் நகர்ந்துவிடுவார்கள்.

இங்கிலீஷ் எனக்கு வராது. சமாளிக்க முடியுமா?

தமிழ் ஊடகத்தில் வேலை பார்க்கத் தமிழ்தான் முதலில் வேண்டும், அதுவும் ஒற்றுப் பிழை இல்லாமல். ஆனால் செய்தி முகமைகளிலிருந்து வருவதும், நீதிமன்றத் தீர்ப்பும், ஆய்வறிக்கையும் ஆங்கிலத்தில் இருக்கும். படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது வர வேண்டும். தினம் ஒரு செய்தியை எடுத்து அகராதி வைத்துக்கொண்டு தமிழில் எழுதிப் பாருங்கள். நான் அப்படித்தான் கற்றேன், இரண்டு வருடம் ஆனது.

என் மகளை இந்தத் துறைக்கு அனுப்பலாமா? ராத்திரி வேலை என்கிறார்களே.

இப்படிக் கேட்கிற அம்மாக்களிடம் நான் எதையும் மறைப்பதில்லை. செய்தி நிறுவனங்களில் இரவு ஷிஃப்ட் உண்டு. நல்ல இடங்களில் வீடு வரை வண்டி விடுவார்கள். சேரும்போதே அதைக் கேட்க வேண்டும். வேலையிடப் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013இல் சட்டம் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். மகளுக்கு அது தெரிந்திருக்கட்டும்.

இரவு வேலையே இல்லாத பக்கங்களும் இருக்கின்றன: வடிவமைப்பு, விளம்பர எழுத்து, மொழிபெயர்ப்பு, கற்பித்தல், தொண்டு நிறுவன வேலை. அம்மா, விடிகாலை மூன்று மணிக்கு ஏலத்துக்குப் போய்க் கூடை தூக்கித்தானே நீங்கள் அவளை வளர்த்தீர்கள்? அவளும் சமாளிப்பாள்.

சரி, படித்து முடித்தால் என்ன வேலை கிடைக்கும்?

எல்லாரும் நினைப்பது நிருபர், செய்தி வாசிப்பாளர், டைரக்டர். இந்த மூன்றுக்கும் வெளியேதான் அதிகம் வேலை இருக்கிறது.

செய்தித் துறையிலேயே துணை ஆசிரியர், பக்க வடிவமைப்பாளர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், நிகழ்ச்சித் தயாரிப்பாளர், சமூக ஊடகப் பிரிவு, தகவல் சரிபார்ப்பு என்று பல மேசைகள். விளம்பர நிறுவனங்களில் வாசகம் எழுதுகிறவர்கள் தேவை. மருத்துவமனை, கல்லூரி, ஜவுளிக்கடை வரை இன்று வீடியோவும் போஸ்டரும் செய்ய ஆள் வைக்கிறார்கள். திரைப்படத்துக்கும் ஓடிடிக்கும் சப்டைட்டில், டப்பிங் எழுத்து இருக்கிறது. கல்யாண வீடியோவை யாரும் கேவலமாகப் பேசாதீர்கள். நம் பக்கத்தில் அதில் உழைத்து வீடு கட்டியவர்கள் உண்டு. கீழக்கரைப் பக்கத்துப் பிள்ளைகள் வடிவமைப்பு கற்றுக்கொண்டு வளைகுடாவுக்கும் போகிறார்கள்.

அரசு வேலை என்றால், ஒவ்வொரு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம் இருக்கிறது. மத்திய அரசில் இந்தியத் தகவல் பணிக்கு யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வு வழியாகப் போகலாம். கல்லூரி ஆசிரியர் ஆக விரும்பினால் முதுநிலை முடித்து, இதழியல் பாடத்தில் யுஜிசி நெட் என்கிற தகுதித் தேர்வு எழுத வேண்டும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அறிவியல் தொடர்பியலை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், பவளப்பாறை, கடல்பசு. மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்கிற மத்திய அரசின் கடல் தகவல் மையம், எங்கே மீன் சேரும், அலை எவ்வளவு உயரும் என்று தினமும் தகவல் தருகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அதை மீனவர் கைபேசிக்குக் கொண்டுவர ஒரு செயலியே செய்தது. ஆய்வாளர் எழுதுவதை மீனவருக்குப் புரியவும், மீனவர் கண்டதை ஆய்வாளருக்குப் போய்ச் சேரவும் சொல்லத் தெரிந்த ஆள் குறைவு. ‘ஒன்று புள்ளி எட்டு மீட்டர் அலை’ என்றால் வல்லம் என்கிற நாட்டுப்படகு போகலாமா கூடாதா? அந்த இடத்தில் நிற்க நம் பிள்ளையை விடப் பொருத்தமான ஆள் யார்?

சம்பளம்?

ஆரம்பத்தில் குறைவு. பொறியியல் படித்த அண்ணனோடு ஒப்பிட்டால் வீட்டில் முணுமுணுப்பார்கள். இரண்டு மூன்று வருடம் வேலை கற்று, ஒரு விஷயத்தில் பெயர் எடுத்த பிறகு உயரும். ஊரில் பகுதி நேர நிருபர் வேலை மட்டும் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது, கூட ஒரு தொழில் வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை: பணம் கட்டினால் பிரஸ் அடையாள அட்டை தருகிறோம் என்று வருகிறவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். வேலை கொடுக்கிற நிறுவனம் உங்களிடம் காசு கேட்காது.

ஊரை விட்டுப் போகாமலே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 முதல் ‘கடல் ஓசை’ 90.4 ஒலிபரப்பாகிறது, மீனவர்களுக்கென்றே ஒரு சமுதாய வானொலி. காற்றலை பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், 2002 முதல் கல்வி நிறுவனங்களுக்கும், 2006 முதல் தொண்டு அமைப்புகளுக்கும் அனுமதி கிடைத்ததும்தான் இதற்கு வழி திறந்தது. இந்தியாவில் முதல் வளாக வானொலி 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் வந்தது. மூக்கையூரிலிருந்து ‘உங்கள் மீனவன்’ என்ற யூடியூப் சேனல், கடல் தொழிலைக் கரைப் பேச்சிலேயே உலகத்துக்குக் காட்டுகிறது.

யூடியூபில் டிகிரி இல்லாமலே ஜெயிக்கிறார்களே, பிறகு எதற்குப் படிப்பு?

கேமரா முன் பேச டிகிரி வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். படிப்பு கொடுப்பது வேறு சில. ஒரு குழந்தை பாதிக்கப்பட்ட வழக்கில் அதன் பெயரையோ, முகத்தையோ, பள்ளியையோ காட்டினால் போக்சோ சட்டப்படி குற்றம் என்று தெரியாமல் நல்ல எண்ணத்தோடு வீடியோ போட்டு மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானத் தளம் இருக்கிறது. டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் அந்தப் பக்கம் டிரோன் பறக்க விட்டால் என்ன ஆகும்? மன்னார் வளைகுடாத் தீவுகளில் இறங்கிப் படம் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எப்படி எழுதுவது, எதிர்த்தரப்பிடம் எப்படிக் கருத்துக் கேட்பது, இதெல்லாம் தானாக வராது.

ஏஐ வந்துவிட்டதே. இந்த வேலைகள் இருக்குமா?

சில வேலைகள் குறையும். பத்திரிகைக் குறிப்பைச் சுருக்குவது, எளிய போஸ்டர் செய்வது, ஒலியை எழுத்தாக்குவது போன்றவற்றில் ஏற்கெனவே ஆள் குறைகிறது. நானே பேட்டிகளை எழுத்தாக்க அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் ‘நீவாடு எடுத்துப் போச்சு’ என்று ஒரு பெரியவர் சொன்னதை அது வேறு ஏதோ எழுதிக் கொடுத்தது. நீரோட்டத்துக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் அதற்குத் தெரியவில்லை. நேரில் போய்க் கேட்பதும், கேட்டதைச் சரிபார்ப்பதும்தான் உங்கள் கையிருப்பு. அதை வளர்த்துக்கொள்ளுங்கள்.

ரிசல்ட் வந்துவிட்டது, கல்லூரி திறக்க ஒன்றரை மாதம் இருக்கிறது. இப்போது என்ன செய்யலாம்?

தடைக்காலம்தானே, பெரியவர்கள் கரையில் இருப்பார்கள். வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒருவரிடம் போய், அனுமதி கேட்டு, போனில் அவர் பேச்சைப் பதிவு செய்யுங்கள். 1964 புயலைப் பார்த்தவர் கிடைத்தால் அவரிடம் முதலில் போங்கள். அந்தத் தலைமுறையில் மிச்சம் இருப்பவர்கள் கொஞ்சம் பேர். குறுக்கே பேசாமல் அரை மணி நேரம் கேளுங்கள். வீட்டுக்கு வந்து அதை ஒரு பக்கத்துக்கு எழுதுங்கள். எழுதியதை மறுநாள் அவரிடமே படித்துக் காட்டுங்கள். ‘இப்படிச் சொல்லலையே’ என்று அவர் எந்த வரியில் நிறுத்துகிறாரோ, அந்த வரியில் கோடு போட்டு என்னிடம் எடுத்து வாருங்கள். அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.